பச்சைக் கரைத் துண்டு

முதலில் காபியைக் குடியுங்கள், ஆறிவிடும். அந்தத் துண்டை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள். வெள்ளைத் துணியில் காபிக் கறை பட்டால் லேசில் போகாது. பச்சைக் கரை வேறு சாயம் விடுகிற ரகம். ஒரு தடவை என் கையாலேயே துவைத்திருக்கிறேன், அதனால் தெரியும்.

ஆமாம், பொங்கியண்ணனுடைய துண்டுதான். மூலையில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு இருக்கிறது, பாருங்கள். அவன் மனைவி செல்லாத்தாள் போட்டது. வண்ணான் மாற்றிவிடாமல் இருக்க இப்படி அடையாளம் வைப்பார்கள். நீங்கள் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வந்த மனிதருக்கு ஒரு வாய் காபி கொடுக்காமல் காரியப் பேச்சை எடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை.

இதை உங்களிடம் யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அப்துல் கையூமாகத்தான் இருக்கும். சிறைக்குப் போய் வந்தவன், இப்போது மில் கேட்டுக்கு எதிரிலேயே சைக்கிள் கடை போட்டுக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறான். பொங்கியண்ணன் வீட்டுக் கொடியிலிருந்து எடுத்திருப்பான். கோபம் இருக்கத்தான் செய்யும், அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் ஃபாக்டரி இன்ஸ்பெக்டர். இரண்டு வருஷத்துக்கு முந்திய விபத்தைத் திரும்பக் கிளறிப் பார்க்க வந்திருக்கிறீர்கள். கேட்டது ஒரே கேள்வி: அன்றைக்கு ஸ்விட்ச் கைப்பிடியிலிருந்து இந்தத் துண்டை எடுத்தது யார்? ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே வார்த்தையில் சொன்னால் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். நான் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டே பழகியவன். இந்த ஒரு விஷயத்திலாவது அப்படி ஆக வேண்டாம்.

பம்பாயில் நூற்பு படித்துவிட்டு, பீளமேட்டில் இந்தக் கட்டடத்துக்குக் கூரை வேயும்போதே வந்து சேர்ந்தவன் நான். என் மனைவி முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. மில் காம்பவுண்டுக்குள் இந்த பங்களாவைக் கொடுத்தார்கள். சமையலுக்குப் பங்காரம்மா வருகிறாள். எங்கள் வீட்டுத் தெலுங்கை அவளிடம்தான் பேசுகிறேன், அதுவும் உப்பு, புளி அளவுக்கு.

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு முதலில் பிடிபட்டது, நான் போகிற இடத்தில் பேச்சு நின்றுவிடும் என்பது. நூற்கிற பகுதியில் இரைச்சலுக்கு நடுவே பெண்கள் வாயசைவைப் பார்த்தே கதை பேசுவார்கள். நான் அந்த வரிசையில் கால் வைத்ததும் அத்தனை வாயும் மூடிக்கொள்ளும். நான் ஒரு வேடிக்கை சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள், நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே. தீபாவளிக்குப் பலகாரத் தட்டு வரும். தட்டுக்குப் பின்னால் ஒரு அக்காள் மகன் வேலை கேட்டு நிற்பான். யாராவது என் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தால், இவனுக்கு என்ன வேண்டும் என்றுதான் மனம் முதலில் கேட்டது. பெரும்பாலும் என் சந்தேகம் சரியாகவே இருந்தது.

முதலாளி வெள்ளிக்கிழமை கோயமுத்தூரிலிருந்து காரில் வருவார், நூலைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுப் போவார். அவருக்கு நான் வேலைக்காரன், வேலைக்காரர்களுக்கு நான் முதலாளி. நடுவில் நிற்கிறவனோடு உட்கார்ந்து பேச இரண்டு பக்கத்திலும் ஆளில்லை. இதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. பெரிய சம்பளம், பங்களா, கட்டில் மெத்தை எல்லாம் இருக்கிறவன் மனசு கனக்கிறது என்றால் ஊர் சிரிக்கும்.

உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். நீங்களும் மில் மில்லாகப் போகிறவர். எங்கே போய் உட்கார்ந்தாலும் முன்னால் வைக்கிற பழத்தட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் பார்த்திருப்பீர்கள். என் காபியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்தீர்கள். நான் வித்தியாசமாக நினைக்கவில்லை.

என்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தேன். டவுன் கிளப்பில் சேர்ந்தேன். மற்ற மில் மேனேஜர்களும் அங்கே வருவார்கள். பஞ்சு எங்கே வாங்குகிறார்கள் என்று நான் அவர்களை உளவு பார்ப்பதாக அவர்கள் நினைத்தார்கள், அவர்கள் என்னை உளவு பார்ப்பதாக நான் நினைத்தேன். சீட்டாட்டம் கலைந்துவிட்டது. கிராமபோன் வாங்கினேன். ஒரு நாய் வளர்த்தேன். அது வாட்ச்மேனோடு ஒட்டிக்கொண்டு என்னைக் கண்டால் எழுந்து நின்றது. அதற்கும் நான் மேனேஜர்தான்.

கடைசியில் இந்த வராந்தா சிமெண்டுத் தரையில் ஆடுபுலிக் கட்டம் போடச் சொன்னேன். அதோ, சிவப்புச் சாயத்தில் இருக்கிறதே, அதுதான். சின்ன வயதில் எனக்கு அந்த ஆட்டத்தில் பைத்தியம். ஒருவருக்கு மூன்று புலி, மற்றவருக்குப் பதினைந்து ஆடு. புலி தாண்டித் தாண்டி ஆட்டை வெட்டும். ஆடுகள் புலியை நகர முடியாமல் சூழ்ந்து அடைத்துவிட்டால் புலி தோற்றது. சாயங்காலம் அசிஸ்டெண்டையும் ஸ்பின்னிங் மாஸ்டரையும் கூப்பிட்டு உட்கார வைப்பேன். அவர்கள் தோற்பார்கள். வேண்டுமென்றே தோற்பார்கள். ஆட்டை என் புலியின் வாயருகே வைத்துவிட்டு, அடடா, கவனிக்கவில்லையே என்று தலையைச் சொறிவார்கள். விட்டுக்கொடுத்து ஆடுகிறவனை எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும், சார். அதைப்போல அவமானம் வேறில்லை. ஜெயித்துவிட்டு உள்ளே போய், பங்காரம்மா வைத்துவிட்டுப் போன சோற்றைத் தனியாகச் சாப்பிடுவேன்.

அப்படி ஒரு சாயங்காலம் பொங்கியண்ணன் வந்தான். புளோரூமில், அதாவது பஞ்சுப் பொதியை உடைத்து மெஷினில் போடுகிற இடத்தில், அவன் மேஸ்திரி. என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு பிடிப் பஞ்சு.

"ஏனுங்க, இந்தப் பஞ்ச வாங்குனது யாருங்க?"

"ஏன்?" என்றேன்.

"எவனோ கண்ண மூடீட்டு வாங்கிப்போட்டானுங்க. ஒசந்த கம்போடியாப் பஞ்சுன்னு சொல்லி மட்டக் கருங்கண்ணியக் கலந்து தலைல கட்டியிருக்கறான்."

"நான்தான் வாங்கினேன்."

அசிஸ்டெண்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. பொங்கியண்ணன் என்னையும் பஞ்சையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்பக் கண்ண மூடுனது நீங்கதானாட்ட இருக்குதுங்க" என்றான். பிறகு தரையைப் பார்த்துவிட்டு, "அந்தப் புலிய அப்பவே அடச்சிருக்கலாமுங்களே, எதுக்கு உட்டுப்போட்டீங்க?" என்று அசிஸ்டெண்டைக் கேட்டான்.

நான் அசிஸ்டெண்டை அனுப்பிவிட்டு அவனை உட்காரச் சொன்னேன். "ஆடறேனுங்க. ஆனாக் கட்டத்துக்கு முன்னால உக்காந்தா நான் மேனேஜருன்னெல்லாம் பாக்க மாட்டேனுங்க" என்றான். அது அவர்கள் ஊர் முறையாம். கட்டத்துக்கு முன்னால் பெரியவர் சின்னவர் கிடையாது, மரியாதையெல்லாம் எழுந்த பிறகுதான். அன்றைக்கு என் மூன்று புலியையும் அடைத்தான். நடுவில் ஒரு தடவை, "நகத்தப்பா, புலி என்ன தூங்குதா?" என்றான். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது, சமையல்கட்டு விறகுப் புகையின்மேல் பழி போட்டேன்.

தினமும் வர ஆரம்பித்தான். நான் உடனே நம்பிவிடவில்லை. எதுவும் கேட்காதவன்தான் பெரிதாக எதையோ கேட்கப் போகிறான் என்று வாட்ச்மேனை அவன் பின்னால் அனுப்பினேன். எந்தக் கடையில் டீ குடிக்கிறான், சங்கத்துக்காரர்களோடு சேர்க்கை உண்டா, வேறு மில்லுக்கு என் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறானா என்றெல்லாம் மாதக் கணக்கில் விசாரித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் நேரிலேயே கேட்டுவிட்டேன், உனக்கு என்னதான் வேண்டும் என்று.

"காப்பி நல்லாருக்குதுங்க" என்றான். "ஊட்டுல செல்லாத்தா போட்டாக் கழுநித் தண்ணியாட்ட இருக்கும்."

அதற்குப் பிறகு நான் மனிதனானேன் என்றுதான் சொல்ல வேண்டும். பகலெல்லாம் யார் முகத்தைப் பார்த்தாலும் எரிச்சல் வரவில்லை, ஏனென்றால் சாயங்காலம் ஒருவன் வருவான். என் புத்தி கெட்ட இடத்தில் கெட்டது என்பான். நான் ஒரு ஆட்டம் ஜெயித்தால் அது நிஜமாகவே ஜெயித்தது. மாதத்துக்கு ஒன்று ஜெயித்தாலும் அன்றைக்குத் தூக்கம் பிடிக்கும். அவனிடம் ஒரு நாள், எப்படி எப்போதும் அடைத்துவிடுகிறாய் என்று கேட்டேன்.

"புலிய ஒரே ஆட்டுல அடைக்க முடியாதப்பா. வெட்டுக் குடுக்கறதக் குடுத்துப்போட்டு ஒண்ணொண்ணா வெச்சுட்டே வரோணும். புலிக்குத் தான் ஜெயிக்கறாப்பலயே இருக்கோணும். கடைசீல திரும்பிப் பாத்தா நாலு பக்கமும் ஆடு நிக்கும்."

இப்படி இருக்கும்போது ஒரு ஐப்பசி மாதம், ஆட்டத்தின் நடுவில், தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னான்: "தை பொறந்தா நாங்க ஆனைமலப் பக்கம் போயர்றோமப்பா. மச்சான் நெலம் வாங்கியிருக்கறான். கெணத்துல தண்ணி நெம்ப இருக்குது, மாடு பூட்டிக் கவல ஓட்டித் தண்ணி எறைக்க ஆளில்லீன்னு கூப்புடறான். செல்லாத்தாளுக்கும் இந்தத் தூசு ஒத்துக்கல, ஒரே இருமலு."

சந்தோஷமாகச் சொன்னான். அதுதான் எனக்கு வலித்தது. போகிறேன் என்பதை வருத்தமாகச் சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி யோசித்திருக்கலாம்.

பதவி தருகிறேன் என்றேன், மாஸ்டருக்கு அடுத்த இடம். அவன் சிரித்தான். "மேல போனா உன்னாட்ட ஒத்தைல உக்காந்துக்கோணும். அந்தக் கெரகம் எனக்கெதுக்கு?" என்றான். பகடியாகத்தான் சொன்னான். ஆனால் என்னைப் பற்றி எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு, தெரிந்தே விட்டுவிட்டுப் போகிறான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவனாக இப்படி யோசிக்கிறவன் இல்லை, யாரோ கலைக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். ஒரு நாள் அவனைக் கூட்டிப்போகச் செல்லாத்தாள் கேட் வரைக்கும் வந்தாள். ஏன் ஊரை விட்டுப் போகிறீர்கள் அம்மணி என்று கேட்டேன். "அவியகூட உக்காந்து பேசறதுக்கு எனக்கும் நேரம் வேணுமில்லீங்க?" என்றாள். எவ்வளவு சுயநலம், பாருங்கள். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்கள், அக்கம்பக்கம் இருக்கிறது. எனக்கு இருந்தது ஒரே ஆள்.

இனி துண்டுக்கு வருகிறேன். பைக்காராவிலிருந்து கரண்ட் வந்த பிறகு இங்கே மோட்டார் வைத்தோம். பஞ்சுத் தூசியில் ஒரு பொறி விழுந்தாலும் தீப்பற்றும், அதனால் புளோரூம் ஸ்விட்சைச் சுவருக்கு வெளியே, நடையில் வைத்தார்கள். உள்ளே மெஷினில் கை வைத்திருக்கிறவனுக்கு ஸ்விட்ச் தெரியாது. ஸ்விட்சில் நிற்கிறவனுக்கு உள்ளே இருப்பவன் தெரியமாட்டான். அதற்கு ஆட்களே ஒரு முறை கண்டுபிடித்தார்கள். மெஷினுக்குள் கை விடப் போகிறவன் தன் தோள் துண்டைக் கழற்றி ஸ்விட்ச் கைப்பிடியில் கட்டிவிட்டுப் போவான். துண்டு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். வேலை முடிந்ததும் அவனே வந்து தன் துண்டை எடுத்துக்கொள்வான். அடுத்தவன் துண்டை யாரும் தொட மாட்டார்கள், அப்பன் மகனுடையதைக்கூடத் தொட மாட்டான். எந்தச் சட்டத்திலும் இல்லாத இந்த முறையை நான் மிகவும் மெச்சியிருக்கிறேன்.

கையூம் ஸ்விட்சுக்காரன். சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதியதும் வந்து, கைப்பிடியில் துண்டு இருக்கிறதா என்று பார்ப்பான். இல்லையென்றால் போடுவான். அன்றைக்கும் வந்தான். துண்டு இல்லை. போட்டான். உள்ளே மெஷினில் பொங்கியண்ணனுடைய வலது கை இருந்தது.

கோர்ட்டில் பொங்கியண்ணன், கட்டினேன் என்றான். கையூம், "துண்டு இருந்துதுன்னா நான் தொட்டிருக்கவே மாட்டேனுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். சங்குக்குச் சற்று முன்னால் அந்த வழியாக நடந்தேன், துண்டு கைப்பிடியில் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். அது சத்தியமான வார்த்தை. அதன் பிறகு அதை எடுத்தது யார் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. மேனேஜரைப் பார்த்து அப்படிக் கேட்க யாருக்கும் தோன்றாது. கவனக்குறைவு என்று கையூமுக்கு ஆறு மாதம் போட்டார்கள். அந்த ஆறு மாதமும் நான் அவன் வீட்டுக்கு அரிசி அனுப்பினேன். அவன் மனைவி மூட்டையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாள். நல்ல ரோஷமான குடும்பம்.

ஆமாம், நான்தான் எடுத்தேன். ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறது, பரவாயில்லை. நடையில் வந்தபோது பச்சைக் கரையைப் பார்த்தேன், அவிழ்த்தேன், நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். கை தானாகப் போய்விட்டது என்றும் சொல்லலாம். ஆனால் உங்களிடம் ஒளிக்க விருப்பமில்லை. காலையிலேயே, மழையில் நனைந்த பொதியை முதலில் உடைக்கச் சொல்லியிருந்தேன். ஈரப் பஞ்சு மெஷினில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் கையை விட்டு எடுக்க வேண்டும். மற்ற மேஸ்திரிகள் சின்னப் பையன்களை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பொங்கியண்ணன் அப்படிச் செய்ய மாட்டான், ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டுத் தானே கை விடுவான். நல்லவர்களுடைய குணத்தை நம்பித்தான் எதையும் ஏற்பாடு செய்ய முடியும்.

ஒன்று மட்டும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த மெஷினில் இருக்கிற திறப்பு கை நுழைகிற அளவுதான். வரைபடத்தைப் பாருங்கள். ஒரு ஆள் முழுதாக நுழையக்கூடிய இடமாக இருந்திருந்தால் நான் அந்தத் துண்டைத் தொட்டே இருக்க மாட்டேன். அவன் உயிர்மேல் எனக்கு அவ்வளவு அக்கறை இருந்தது. ஒரு கை இருக்கிறவன் கவலை ஓட்ட முடியாது, மாட்டைப் பின்னுக்கும் முன்னுக்கும் நடத்திக்கொண்டு வடத்தைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். ஆனால் ஆடுபுலி ஆட ஒரு கை போதும்.

அன்று சாயங்காலம் பங்காரம்மா வழக்கம்போல இரண்டு தம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். இரண்டையும் நானே குடித்தேன்.

தை பிறந்தது. ஆனைமலை மச்சான் வந்து பார்த்தான், அழுதான், பேருக்கு இரண்டு தேங்காய் வைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு அவன் கூப்பிடவில்லை. நான் பொங்கியண்ணனுக்கு ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தேன், காம்பவுண்டுக்குள்ளேயே வீடும் கொடுத்தேன். கை போன ஆளை எந்த மில்லும் வைத்துக்கொள்வதில்லை. பொங்கல் அன்று முதலாளி எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

மறுபடியும் சாயங்காலங்கள் வந்தன. கொஞ்ச நாள் அவன் பேசவில்லை, பிறகு பேசினான். இடது கையால் ஆடப் பழகினான். மறுபடியும் என் புலிகளை அடைத்தான். "நகத்தப்பா" என்றான். நான் எத்தனை சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

போன வருஷம் சித்திரை வெயிலில் ஒரு நாள் அவன் வெறும் தோளோடு வியர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தான். விபத்துக்குப் பிறகு அவன் தோளில் துண்டு போடுவதில்லை. எனக்கு மனது கேட்கவில்லை. அவன் பொருள் என்னிடம் இருக்கும்போது அவன் ஏன் இல்லாமல் இருக்க வேண்டும்? உள்ளே போய் எடுத்து வந்தேன். என் கையால் துவைத்து, பூச்சி அரிக்காமல் பாச்சை உருண்டை போட்டு பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். கொடுத்தேன். அவன் முடிச்சைத் தடவிப் பார்த்தான். பிறகு முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

"எங்க கெடச்சுதுங்க?"

"கழிவுப் பஞ்சுக் கிடங்கில்" என்றேன். "கூட்டும்போது கிடைத்ததாம்."

கட்டத்தில் ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. உன் முறை என்றேன். "நீங்க ஆடுங்க" என்றான்.

அன்றிலிருந்து அவன் நிரம்ப மரியாதைக்காரனாகிவிட்டான். கட்டத்துக்கு முன்னாலும் நீங்க, வாங்க என்றுதான் பேசுகிறான். கஷ்டம் பட்டவனுக்குப் பணிவு தானாக வரும். ஒரு நாள் தவறாமல் வருகிறான், எனக்கு முன்பே வந்து காத்திருக்கிறான். முன்பெல்லாம் நான் பேசினால் பாதியில் கொட்டாவி விடுவான். இப்போது என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறான், அவனாகவே விவரமும் கேட்கிறான். "அன்னைக்கு அந்த ஈரப் பொதிய மொதல்ல ஒடைக்கச் சொன்னது யாருங்க?" என்று ஒரு நாள் கேட்டான். "சங்கு ஊதறப்ப நீங்க எங்கீங்க இருந்தீங்க?" என்று இன்னொரு நாள். "கோட்டு எப்பவும் இதேதானுங்களா போடுவீங்க?" என்றுகூடக் கேட்டான். என்மேல் ஒருவருக்கு இத்தனை அக்கறை வந்ததேயில்லை. கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னேன், ஒரு சில இடத்தில் மட்டும் மாற்றிச் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கையூமின் சைக்கிள் கடையில் உட்கார்ந்திருப்பதாக வாட்ச்மேன் சொன்னான். கையூம் எதையாவது அவன் காதில் ஓதுவானோ என்று எனக்குக் கவலைதான். ஆனால் பொங்கியண்ணன் அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. நேற்றுக்கூட இங்கேதான் உட்கார்ந்திருந்தான், காபி குடித்தான், நாளைக்கு வாரேனுங்க என்று சொல்லிவிட்டுப் போனான்.

நீங்கள் கையெழுத்து வாங்க வேண்டிய இடத்தைக் காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். கையூம் பேரை இதில் சரிசெய்துவிடுங்கள், அவன் நல்ல வேலைக்காரன். மற்றபடி இது எனக்கும் பொங்கியண்ணனுக்கும் நடுவில் இருக்கிற விஷயம். அவனிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொள்கிறேன். எடுத்த எடுப்பில் சொன்னால் அவனுக்குத் தாங்காது.

சங்கு ஊதிவிட்டது, கேட்டீர்களா? அவன் வருகிற நேரம். அதோ, கேட் பக்கம் நிற்கிறான் பாருங்கள், கூடவே கையூமும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். சமையல்கட்டு வழியில் செல்லாத்தாள் நிற்கிறாள், பங்காரம்மா அவளோடு ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் கூட்டிவந்த கான்ஸ்டபிள்கள் வேப்பமரத்தடியில் இருக்கிறார்கள். பின் கேட்டில் புளோரூம் ஆட்கள் இன்னும் வீட்டுக்குப் போகாமல் நிற்கிறார்கள். வெளியாள் வந்திருக்கிறார் என்று எல்லாரும் மரியாதைக்கு ஒதுங்கி நிற்கிறார்கள் போலிருக்கிறது.

அவனை உள்ளே வரச் சொல்லுங்கள். அவசரமில்லையென்றால் நீங்களும் உட்கார்ந்து ஒரு ஆட்டம் பார்த்துவிட்டுப் போகலாம். அந்தத் துண்டு கொடுத்த நாளிலிருந்து நான் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, இன்ஸ்பெக்டர் சார். அவன் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரன் என்று சொன்னேன் அல்லவா? அவனையே தினமும் ஜெயிக்கிற அளவுக்கு என் ஆட்டம் தேறிவிட்டது.